டீமேக்கர் வைத்திலிங்கமும் பூட்டில்லாத கதவும்

டீமேக்கரின் மகன் கதிரேசன் வந்தபோது, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒரு தோட்டத்து ஆளுக்காகத் துரைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஹட்டன் தபால் கந்தோருக்கு எதிரே என் மேசை இருக்கிறது. அவன் செருப்பில்லாமல் டிக்கோயாவிலிருந்து நடந்து வந்திருந்தான். காலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. "அப்பா போயிட்டாருண்ணே. காலையில, கஞ்சி குடிச்சிட்டு இருக்கையில," என்றான். நான் எழுத்தை நிறுத்தவில்லை. ஒழுகும் கூரைக்கு இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது, அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மனத்தில் துக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். உடனே ஒன்றும் அகப்படவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவன் மறுபடி வந்தான். பதினாறாம் நாள் கருமாதிக்கு நீங்கள் எல்லோரும் வருவீர்கள், அப்போது படிக்க ஏதாவது வேண்டும் என்றான். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்கண்ணே. அப்பா இருந்திருந்தாலும் ஒங்களத்தான் எழுதச் சொல்லியிருப்பாரு." அது உண்மைதான். நான் எதை எழுதுவேன், எதை விட்டுவிடுவேன் என்று வைத்திலிங்கத்துக்கு மிக நன்றாகத் தெரியும். அந்த நம்பிக்கையோடுதான் அவர் கண்ணை மூடியிருப்பார். கதிரேசனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியது நாலு வார்த்தைக்குமேல் போய்விட்டது, அதனால் நானே படிக்கிறேன்.

அவருக்குக் கீழே கிளாக்கராக இருந்தவன் நான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலையை மூக்கால் அறிந்தவர் அவர். எங்கள் ஊர்ப் பேச்சில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, டீமேக்கர் என்றால் அதை நடத்துகிறவர். அந்த ஸ்டோரில் கொழுந்து அரைபட்டுப் புளித்துக் கிடக்கும் அறைக்குள் அவர் நுழைந்து ஒரு மூச்சு இழுப்பார். இது மழைக்கொழுந்து, அது நேற்றைய கொழுந்து, இன்னும் கால் மணி பொறுக்கலாம் என்பார். ஒரு தடவையும் தவறியது கிடையாது. கொழும்பிலிருந்து சுவை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் குடித்ததில்லை. ஆட்களைக் கெட்ட வார்த்தையால் ஏசியதில்லை. உங்களில் யாராவது அவர் கையை ஓங்கிப் பார்த்திருந்தால் எழுந்து சொல்லுங்கள். ஒருவரும் எழமாட்டீர்கள்.

கையை ஓங்காமலே காரியம் முடிக்கத் தெரிந்தவர். காம்பு பொறுக்கும் மீனாச்சி ஒரு நாள் வெற்றிலைப் பையில் ஒரு பிடி தேயிலையை மறைத்துக்கொண்டு போனாள். வாசலில் பிடிபட்டாள். வேறு டீமேக்கராக இருந்தால் கன்னத்தில் அறைந்து, பேரை வெட்டி, தோட்டத்தை விட்டே விரட்டியிருப்பார். வைத்திலிங்கம் அவளை முக்காலியில் உட்காரவைத்தார். "ஆசப்பட்டுத்தானே எடுத்த, தின்னுட்டுப் போ," என்றார். கோபம் துளியும் இல்லை. ஐம்பது பேர் பார்க்க அவள் அந்த ஒரு பிடி காய்ந்த தூளை மென்று மென்று விழுங்கினாள். தண்ணீர் கேட்டபோது, தேயிலையோடு தண்ணீர் சேர்ந்தால் அது தேத்தண்ணியாகிவிடுமே, அது வீட்டில் குடிக்கிற சாமானாயிற்றே என்றார். எல்லோரும் சிரித்தோம். மீனாச்சியின் பேர் வெட்டப்படவில்லை. அவர் கருணையை அன்றைக்கு நாங்கள் பாராட்டினோம்.

இனி கதவுக்கு வருகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இது தெரியும். தெரிந்தவர்கள் நாம் எல்லோரும் ஒரே மாதிரி தெரியாதவர்களாக இருந்துவிட்டோம்.

ஸ்டோருக்குப் பக்கத்தில் புதுக் கட்டு எழும்பிய வருசம். பழைய ஸ்டோரும் புதுக் கட்டும் ஒரே கூரையாக ஒட்டி நின்றன. கொழும்பிலிருந்து தீக்காப்புறுதிக் கம்பெனியின் அளவுக்காரர் ஒருவர் வந்தார். நரைத்த மீசை, நனைந்த தொப்பி, கையில் அளவு நாடா. பெரிய துரை அவரை டீமேக்கரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும் என்பதால் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். நாள் முழுக்க அளந்த பிறகு அவர் விதியைச் சொன்னார். இது அரசாங்கச் சட்டம் கிடையாது, கம்பெனியின் சட்டம். ஆனால் அதை மீறினால் ஸ்டோர் எரிந்தால் ஒரு சதமும் வராது. ஒரே கூரையின் கீழ் உள்ள கட்டடம் குறித்த அளவுக்குமேல் போய், மாடிகளும் இருந்து, உள்ளே விறகு எரியும் அடுப்பும் இருந்தால், மாடிக்கு மாடி கூரையடியில் தண்ணீர்க் குழாய் ஓடியாக வேண்டும். ஸ்பிரிங்ளர் என்று அதற்குப் பேர். குழாயில் பத்தடிக்கு ஒன்றாக மூக்குகள் இருக்கும். மூக்கை மூடியிருக்கும் உலோக அடைப்பு சூட்டில் உருகிவிடும். உடனே தண்ணீர் கொட்டும்.

வைத்திலிங்கம் கவனமாகக் கேட்டார். "ஆளு போயித் தெறக்க வேண்டாமா?" என்று கேட்கச் சொன்னார். வேண்டாம், ஆள் எல்லாம் ஓடிவிட்ட பிறகும் அது வேலை செய்யும் என்றார் அளவுக்காரர். அதைக் கேட்டு டீமேக்கர் தலையாட்டிய விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல இயந்திரத்தைப் பார்த்தால் அவருக்கு மரியாதை வந்துவிடும்.

ஆனால் அது தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். சாயங்காலம் திரும்பி வந்த துரையின் முகம், குழாய் என்ற பேச்சை எடுத்ததுமே சிவந்தது. அதற்காகவே மலைமேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அப்போதுதான் வைத்திலிங்கம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார். அல்லது கேட்க வேண்டிய கேள்வியை. அவர் வேலைக்கு அது சரியான கேள்விதான். "இது ஒரு கட்டடமா இல்லாம ரெண்டு கட்டடமா இருந்தா?" என்றார்.

அளவுக்காரர் கொஞ்சம் யோசித்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் செங்கல் சுவர் ஒன்று எழுப்பிப் பழைய ஸ்டோரையும் புதுக் கட்டையும் பிரித்துவிட்டால் இரண்டும் தனித்தனி. ஒவ்வொன்றும் அளவுக்குள் அடங்கிவிடும். ஸ்பிரிங்ளர் தேவையில்லை. சுவரில் ஒரு கதவு மட்டும் அனுமதி. அது இரும்பாக இருக்க வேண்டும், பாரம் தொங்கவிட்டுத் தானாகவே சாத்திக்கொள்ள வேண்டும். அப்புறம் விரலை நீட்டி, பூட்டு மட்டும் போடவே கூடாது, அவசரத்துக்கு ஆட்கள் அந்த வழியாகத்தான் தப்ப வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் திரும்பவும் அதையே சொன்னார். நான் திரும்பவும் மொழிபெயர்த்தேன். வைத்திலிங்கம், "ஒருநாளும் பூட்டமாட்டேன்னு சொல்லு," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சுவர் எழும்பியது. கதவும் வந்தது. பழைய ஸ்டோரின் மேல்மாடியில் பெண்கள் உட்கார்ந்து தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கும் அறை. அதன் ஒரு கோடியில் கீழே போகும் மரப்படி, மறுகோடியில் இந்த இரும்புக் கதவு. மலைச்சரிவில் கட்டியதால் கதவுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டின் மேல்தளமும் வெளிப் பாதையும் ஒரே மட்டம். பாதையில் இருபது எட்டு வைத்தால் பிள்ளைக் காம்பரா. வேலைக்கு வரும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வரும் இடம்.

கதவுக்கு அடுத்த முக்காலி செல்லாயியுடையது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த ராமையாவின் பெண்சாதி. அவளுக்கு அப்போது ஐந்து மாதப் பெண்பிள்ளை. தாய்மார் பால் கொடுக்கப் போக ஒரு நேரம் வைத்திருந்தார்கள். பிள்ளையின் வயிறு அந்த நேரத்தைக் கேட்குமா? காம்பராவில் அழுகை கேட்டதும் செல்லாயி கதவை இழுத்துத் திறந்துகொண்டு ஓடிவிடுவாள். கொடுத்துவிட்டு வாயைத் துடைப்பது போல மாரைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். நாளுக்கு நாலைந்து தடவை அந்தக் கதவு திறந்து, பாரம் இழுத்து, டொம்மென்று சாத்தும். என் மேசை அந்தப் பக்கம்தான். சத்தம் கேட்டால் செல்லாயி என்று தெரிந்துகொள்வேன். போகிற போக்கில், "கிளாக்கரய்யா, பாத்தும் பாக்காம இருந்துக்குங்க," என்பாள்.

டீமேக்கருக்கு அது பொறுக்கவில்லை. திட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லையே. பூட்டலாம் என்றால் அளவுக்காரருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, திடீரென்று சோதனைக்கும் வந்து நிற்பார்கள். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கண்டி வழியாகப் போன லொறியில் ஆள் அனுப்பி ஒரு பிள்ளையார் சிலை வாங்கி வரச் செய்தார். கருங்கல், முழங்கால் உயரம். அதைக் கதவுக்கு முன்னால், பெண்கள் இருக்கும் பக்கம், செங்கல் மேடை கட்டி அதன்மேல் சீமெந்தில் பதிக்கச் சொன்னார்.

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார். "பூட்டுப் போட்டா அளவுக்காரன் கேப்பான். சாமிய வச்சா எவன் கேப்பான், எவ தொடுவா?"

நான் சிரித்தேன். வெறும் மரியாதைச் சிரிப்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படி இல்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம் எனக்கு மெய்யாகவே பிடித்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவரும் சிரித்தார். அவரோடு வேலை செய்த காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று ஸ்டோரில் இந்த வேலையைப் பற்றிச் சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர். மேடை கட்ட வந்த சிங்களக் கொத்துபாஸ். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, கதவு இந்தப் பக்கம் தெறக்கிறது. இங்க கட்டினா தெறக்க ஏலாது," என்றார். டீமேக்கர் அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பாஸ் கும்பிட்டுவிட்டுக் கட்டினார். அப்புறம் கேட்டேன். சாமி காரியத்தில் குறுக்கே நிற்காதே என்று சொன்னாராம்.

பெண்களுக்கு அப்படி ஒரு சந்தோசம். ஸ்டோருக்குள்ளேயே பிள்ளையார். பொங்கல் வைத்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள். ஆயுத பூசைக்கு இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்துவிட்டுக் கடைசியில் அந்த இரும்புக் கதவுக்கும் மூன்று பட்டை விபூதி பூசினார்கள். வேலை தொடங்குமுன் விளக்கேற்றுவது செல்லாயியின் பொறுப்பாயிற்று, பக்கத்தில் இருப்பவள் அவள்தானே. வெள்ளிக்கிழமைகளில் டீமேக்கரே வந்து கண்மூடி நிற்பார். அவர் பக்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு ஒரு பொருள் இரண்டு வேலை செய்தால் பிடிக்கும், அவ்வளவுதான்.

அதன்பின் கதவுச் சத்தம் நின்றுபோயிற்று. பிள்ளை அழுதால் செல்லாயி மரப்படி இறங்கி, டீமேக்கர் முகத்துக்கு முன்னால் நடந்து, ஸ்டோரைச் சுற்றி, சரிவில் ஏற வேண்டும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். இரண்டு நாள் போனாள், பிறகு போவதை விட்டுவிட்டாள். பாலூறி நனைந்த ரவிக்கையோடு விளக்கடியில் உட்கார்ந்து காம்பு பொறுக்கினாள். "சாமி இருக்கு, கிளாக்கரய்யா. புள்ளய அது பாத்துக்கும்," என்று ஒரு நாள் சொன்னாள்.

தீப்பிடித்தது ஒரு காலை நேரம், பத்து மணித் தேத்தண்ணிக்குச் சற்று முன்னால். கீழே தேயிலை காயும் அடுப்பிலிருந்து பறந்த பொறி சாக்குக் குவியலில் விழுந்தது. தேயிலைத் தூசி படிந்த பழைய பலகைகள். அதற்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. கூச்சல் கேட்டதும் படிக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கதவுக் கோடியில் இருந்தவர்கள் இரண்டே பேர், செல்லாயியும் மீனாச்சியும். அவர்கள் எழுந்து ஓடிவருவதற்குள் படி புகைக்குழாய் ஆகிவிட்டது.

உள்ளே நடந்தது மீனாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருவரும் கதவுக்கு ஓடினார்கள். மேடை நின்றது. செல்லாயி முதலில் சிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். பிறகு விளக்கை எடுத்து ஓரமாக வைத்தாளாம், காலில் படக்கூடாதென்று. பிறகு, "சாமி, கொஞ்சம் நவுந்துக்க," என்று சொல்லிக்கொண்டே சிலையை இரண்டு கையாலும் இழுத்தாளாம். சீமெந்து நல்ல சீமெந்து. மீனாச்சி மேடைமேல் ஏறிக் கதவை இழுக்கப் போனபோது, சாமியை மிதிக்காதே என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டாளாம். மீனாச்சிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சன்னலுக்கு ஓடிக் குதித்தாள். இடுப்பு உடைந்தது, உயிர் தப்பியது. இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். தேயிலை தின்னவைத்தபோதும் நான் அழவில்லை, அன்றைக்கும் அழவில்லை, கத்தாமல்தான் குதித்தேன் என்பாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம், புதுக் கட்டில் இருந்தேன். பல மாதத்துக்குப் பிறகு அந்த இரும்பில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தள்ளினேன். ஒரு கை அகலம் திறந்து, மேடையில் இடித்து நின்றது. தோளைக் கொடுத்து முட்டினேன். அதற்கு மேல் ஓர் இழை நகரவில்லை. கடப்பாறை என்று கத்தினேன். கடப்பாறைகள் எல்லாம் எரிகிற பக்கம் இருந்தன. இடுக்கு வழியாக முதலில் புகை வந்தது. பிறகு ஒரு கை வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைக் காப்பாற்று என்று சொல்லவில்லை. "புள்ள அழுவுதா?" என்று கேட்டாள். அழவில்லை என்றேன். அது எனக்குத் தெரியாது.

அப்போது வைத்திலிங்கம் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "கதவ விடு. தொறந்திருந்தா இந்தக் கட்டும் போயிரும்," என்றார். குரல் உயரவில்லை. நான் திரும்பவில்லை. என் தோளைப் பிடித்து இழுத்தார். என்னைவிட வயதானவர், மெலிந்த ஆள். உதறியிருந்தால் விழுந்திருப்பார்.

நான் கையை விட்டேன்.

கை உள்ளே போயிற்று. பாரம் இழுத்து, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அளவுக்காரர் சொன்னபடியே.

பழைய ஸ்டோர் முழுக்க எரிந்தது. புதுக் கட்டில் ஒரு பலகைகூடக் கருகவில்லை. மறுநாள் துரை அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து டீமேக்கரின் கையைக் குலுக்கினார். நாற்பது தோட்டத்தில் இப்படி முன்யோசனை உள்ள ஆளைப் பார்க்க முடியாது என்று என்னிடம் சொல்லி, அதை அவருக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். செல்லாயியை அந்த நேரத்தில்தான் ராமையா ஒரு சாக்கில் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

விசாரணை நடந்தது. இரும்புக் கதவு ஒன்று இருந்ததே, அந்த வழியாக ஏன் வெளியேறவில்லை என்று கேட்டார்கள். பயத்தில் தோன்றியிருக்காது என்று டீமேக்கர் சொன்னார். மீனாச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள், அவளை யாரும் கேட்கவில்லை. பிறகு என்னை அழைத்தார்கள். கதவு பூட்டியிருந்ததா என்பதுதான் கேள்வி. வைத்திலிங்கம் என்னைப் பார்க்கக்கூட இல்லை, சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "பூட்டு இருக்கவில்லை, துரை," என்றேன். கதவுக்கு முன்னால் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் வருமுன்பே மேடை உடைக்கப்பட்டு, சிலை கோயிலுக்குப் போயிருந்தது. கேட்காததைச் சொல்ல வேண்டுமென்று எனக்கு ஒரு கணம் வாய் வந்தது. மறு கணம் என் வீடு, என் வேலை, என் பெண்சாதி எல்லாம் ஞாபகம் வந்தன. உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னது சத்தியமான உண்மை. அதைப் போல ஓர் உண்மையை நான் பிறகு சொன்னதில்லை.

அடுத்த வாரம் அவர் எனக்கு ஒரு கோட்டுக் கொடுத்தார். துரை அவருக்குக் கொடுத்த சீமைக் கம்பளிக் கோட்டு. "குளுருக்குப் போட்டுக்க. எனக்குப் பெருசா இருக்கு," என்றார். எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

ஸ்டோரைத் திரும்பக் கட்டினார்கள். இம்முறை பெரிதாக, ஒரே கட்டடமாக. கம்பெனி இனி எந்தச் சுவர்க்கதையையும் கேட்கத் தயாராக இல்லை. இந்த அளவுக் கட்டடத்துக்கு ஸ்பிரிங்ளர் கட்டாயம், இல்லாவிட்டால் காப்புறுதி இல்லை என்று எழுதிவிட்டது. குழாய் வந்தது. மலைமேல் தொட்டியும் வந்தது. வைத்திலிங்கம் அதை ஒரு மாப்பிள்ளையைப் போலக் கவனித்தார். சோதனை நாளில் அதே அளவுக்காரர் வந்தார். ஆட்களையெல்லாம் கூட்டி நிறுத்தி, ஒரு மூக்கின் கீழே தகர டின்னில் நெருப்பு மூட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அடைப்பு உருகி, யாரும் தொடாமல் தண்ணீர் கொட்டியது. கைதட்டினார்கள்.

ராமையா கூட்டத்திலிருந்து வெளியே வந்து, தண்ணீருக்கு நேர் கீழே போய் நின்றான். தலையிலிருந்து கால் வரை நனைந்தான். நெருப்பு அணைந்து, டின் நிறைந்து வழிந்து, வால்வை மூடும் வரைக்கும் நகரவில்லை. அளவுக்காரர் என்னிடம் அந்த மனிதன் என்ன செய்கிறான் என்று கேட்டார். நான் ராமையாவைக் கேட்டேன்.

"தண்ணி நல்லா வருதான்னு பாத்தேங்க," என்றான்.

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அளவுக்காரருக்கு மெத்தத் திருப்தி. தொழிலாளிக்கும் இதில் அக்கறை இருக்கிறதே என்று டீமேக்கரைப் பாராட்டினார். அந்த மாதமே நான் வேலையை விட்டேன். கோபத்தால் விட்டதாக என் பெண்சாதி நினைக்கிறாள். உண்மையில் அந்தக் கதவுச் சத்தம் கேட்காத இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. புதுக் கட்டடத்தில் அப்படி ஒரு கதவே இல்லை. எனக்கு மட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது டிக்கோயா ஆஸ்பத்திரியில். நெஞ்செல்லாம் தேயிலைத் தூசி, மூச்சு வாங்கப் பாடுபட்டார். சாகப்போகிற மனிதன் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்துத்தான் போனேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும், அதற்காகத்தான் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் என் கோட்டைத் தடவிப் பார்த்தார். இன்னும் கிழியவில்லையே என்று சந்தோசப்பட்டார். பிறகு, "அன்னைக்கு விசாரணையில நீ சொன்னது பொய்யில்லையே?" என்று கேட்டார். பொய்யில்லை என்றேன். "அப்ப என்ன," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் நிம்மதியாகத் தூங்கியும் விட்டார். அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறாமையாக இருந்தது.

செல்லாயியின் மகள் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். ராமையாவின் மடியில். அவர்களை யாரும் அழைத்திருக்கமாட்டார்கள், பதினாறாம் நாள் சோற்றுக்கு அழைப்புத் தேவையில்லை என்று வந்திருப்பார்கள். குழந்தை, உன் அம்மா கடைசியாகக் கேட்டது உன்னைத்தான். நீ அழுதாயா இல்லையா என்று போய்ப் பார்க்காமலே நான் பதில் சொன்னேன். அன்று காம்பராவில் இருந்த ஆயாவைப் பிறகு விசாரித்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாயாம்.

இறந்தவரிடமிருந்து தனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்லி முடிப்பது வழக்கம். வைத்திலிங்கத்திடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று இந்தக் கோட்டு. இதைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன். இந்த நாலைந்து வருசமும் குளிர் தெரியவில்லை. மற்றது, அந்த மேடைக்குப் பக்கத்தில் நின்று நான் சிரித்த சிரிப்பு. கோட்டைக் கழற்றி இந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போகிறேன், கதிரேசன் எடுத்துக்கொள்ளட்டும். மற்றதை வாங்கிக்கொள்ள உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.